யாழ்ப்பாணத்தில் கூட்டாளிமாரோடு சாப்பிட: எந்தக் கடை, எந்த நேரம்

நாலைந்து கூட்டாளிமார் சேர்ந்து வெளியில் சாப்பிடுவதென்றால் "எந்தக் கடைக்குப் போவம்?" என்றுதான் கதை தொடங்கும். மணி என்ன என்று ஒருதரும் பார்ப்பதில்லை. யாழ்ப்பாணத்துச் சாப்பாட்டில் பாதிக்கு மேல் அடுப்பால் இறங்கி அரை மணித்தியாலத்துக்குள் சாப்பிட வேண்டியவை. மிச்சம் ஒரு நாள் கிடந்தால்தான் ருசிக்கும். இரண்டையும் மாறிச் சாப்பிட்டுவிட்டுக் கடையைக் குறை சொல்பவர்கள் கனபேர்.

காலைச் சாப்பாட்டுக்கு மலாயன் கபே. கஸ்தூரியார் வீதிப் பக்கம், பஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். பழைய காலத்துச் சைவக்கடை; மாபிள் போட்ட மேசைகள், நீளமான கண்ணாடி அலுமாரிகள், சுவரில் சாமியார்மாரின் படங்கள். வாழையிலையில் போடுவார்கள், கையால் சாப்பிட வேண்டும். முடிந்ததும் இலையை மடித்து அதற்கென்று இருக்கிற துவாரத்துக்குள் நீங்களே போட்டுவிட வேண்டும். முதற்தடவை போகிறவர்கள் இலையை மேசையில் விட்டுவிட்டு எழும்புவார்கள். கூடப் போகிறவர் முன்னமே சொல்லி வைப்பது நல்லது. அலங்காரத்துக்காகப் போகிற இடமில்லை. குளிரூட்டியும் மெத்தைக் கதிரையும் வேண்டுமென்றால் நகரத்தில் அதற்கு வேறு இடங்கள் இருக்கின்றன.

எந்தச் சைவக்கடையிலும் முதலில் கவனிக்க வேண்டியது சொதி. கப்பிப்பாலில் (தேங்காயின் முதற்பால் எடுத்த பிறகு பிழிகிற தண்ணிப்பால்) வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், மஞ்சள் போட்டு அவிய விட்டு, கடைசியில் முதற்பால் விட்டு, ஒரு கொதி கிளம்பும்போதே இறக்குவார்கள். தேசிக்காய்ப்புளி விடுவது அடுப்பால் இறக்கிய பிறகு. இந்த ஒழுங்கு தப்பினாலோ, காலையில் வைத்ததைத் திரும்பக் கொதிக்க விட்டாலோ பால் திரைந்து மேலே சிறு சிறு வெள்ளைத் துணிக்கை மிதக்கும், கீழே தண்ணீராய் நிற்கும். அப்படி ஒரு சொதி இலைக்கு வந்தால் இடியப்பத்தைச் சம்பலோடு முடித்துக்கொண்டு எழும்பலாம். இடியப்பமும் தட்டிலிருந்து எடுத்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திறந்து கிடந்தால் ஓரம் காய்ந்து நூல் நூலாய் முறியும். ஆகவே எட்டு, எட்டரைக்குள் போய்விடுங்கள்.

உழுந்துவடைக்கு அந்த அவசரமில்லை, ஆனால் கேள்வி ஒன்று கேட்க வேண்டும்: "அண்ணை, இது எப்ப போட்டது?" போட்டுக் கனநேரமென்றால் அடுத்த ஈடு வரும்வரை ஒரு பிளேன் ரீ குடித்துக்கொண்டிருங்கள். வடையின் உள்ளே இருக்கிற ஈரம் மெல்ல மெல்ல வெளித்தோலுக்கு வரும். ஒரு மணித்தியாலத்தில் மொறுமொறுப்புப் போய் தோல் இழுபடும். திருப்பி எண்ணெயில் போட்டு எடுத்துத் தந்தால் வெளிப்புறம் கருஞ்சிவப்பாய், பிய்க்கும்போது விரலில் எண்ணெய் வடியும். மா அரைக்கும்போது தண்ணீர் கூடினாலும் இப்படித்தான் எண்ணெய் குடிக்கும், அது புதிதாய்ப் போட்ட வடையாக இருந்தாலும். பின்னேர ரோல்ஸுக்கும் இதே சோதனை போதும்.

மத்தியானச் சோறு பன்னிரண்டரைக்கு முன். இரண்டு மணிக்குப் பிறகு பல கடைகளில் குழம்புக்குச் சுடுதண்ணீர் சேர்ந்துவிடும்.

இனிக் கூழ். ஒடியற்கூழ் குடிக்கவென்றே வெளியூர்க் கூட்டாளிமார் வருவார்கள், அதிலேதான் அதிகம் ஏமாறுவதும். நகரத்தில் சில உணவகங்களில் மெனுவில் இருக்கும். ஆனாலும் முதல் நாளே சொல்லி, எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்று நேரம் குறித்துக் கொடுப்பதுதான் சரி. காரணம் மா. பனங்கிழங்கை அவிக்காமல் கிழித்துக் காய வைத்தால் ஒடியல். அவித்துக் காய வைத்தது புழுக்கொடியல். கூழுக்கு ஒடியல் மா. அதில் ஒரு கயப்பு உண்டு. மாவை நிறையத் தண்ணீரில் கரைத்து அடைய விட்டு, மேலே தெளிந்த தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். இரண்டு மூன்று தரமாவது. அதற்கு மூன்று நாலு மணித்தியாலம் வேண்டும். திடீரென்று போய்க் கேட்டவருக்குப் பத்து நிமிடத்தில் கூழ் வந்தால் ஒன்றில் கயக்கும், இல்லாவிட்டால் அதில் ஒடியலே இராது. சோள மாவோ கோதுமை மாவோ போட்டுத் தடிப்பாக்கிய கூழ் வழுவழுவென்று மினுங்கும், அகப்பையிலிருந்து நாராய் இழுபடும். ஒடியற்கூழ் மங்கல் நிறம். நாக்கில் மெல்லிய குறுணி தட்டுப்படும், பனையின் மணம் பின்னால் வரும்.

எட்டுப் பேருக்கு வீட்டிலோ வாடகை மண்டபத்திலோ வைப்பதென்றால் கணக்கு இப்படி. ஒடியல் மா 250 கிராம், தண்ணீர் நாலு லீற்றர், ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை இருபது, மரவள்ளிக்கிழங்கு 250 கிராம், பயிற்றங்காய் 200 கிராம், முள் குறைந்த மீன் அரைக் கிலோவும் ஒரு பெரிய மீன்தலையும், நண்டு நாலைந்து, இறால் 250 கிராம், கணவாய் அதே அளவு, செத்தல் மிளகாய் பன்னிரண்டு முதல் பதினைந்து, மஞ்சள், தேசிக்காயளவு பழப்புளி, இரண்டு பிடி முருங்கையிலை. அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளி முதலில் அவிய வேண்டும். பிறகு பயிற்றங்காய், மீன்தலை, நண்டு. பிறகு மீன், இறால், கணவாய். இவை வெந்த பிறகே தண்ணீர் வடித்த மாவும் அரைத்த மிளகாயும் புளிக்கரைசலும். புளியை முந்தி விட்டால் பலாக்கொட்டையும் கிழங்கும் எவ்வளவு எரித்தாலும் கல்லுப்போல் நிற்கும். கூழ் பழுதாவதற்கு அடிக்கடி காரணம் இதுதான். மா விட்டதிலிருந்து அடி பிடிக்காமல் துழாவிக்கொண்டே இருந்து, பதினைந்து நிமிடத்தில் முருங்கையிலை போட்டு இறக்கலாம்.

இறக்கிய கையோடு குடிக்க வேண்டும். ஆறினால் இறுகும், தண்ணீர் விட்டுத் திரும்பச் சூடாக்கினால் மீன் கரைந்து முள் முழுக்கக் கூழுக்குள் வந்துவிடும். பிலாவிலையைக் கோலி ஈர்க்கால் குத்திக் குடிப்பதை வெளியூர்க்காரருக்குக் காட்டும் வேடிக்கையாய் நினைக்க வேண்டாம். சூட்டைக் கை தாங்கும், வாய்க்குச் சிறிது சிறிதாய் வரும், நண்டுக்கோதைக் கையால் எடுக்க வசதி. கண்ணாடிக் கிளாசில் தருகிற இடங்களில் நண்டும் கொட்டையும் அடியில் தங்கிவிட, மேலே வெறும் கஞ்சிதான் வாய்க்கு வரும். கூழுக்குப் பின் இஞ்சித் தேத்தண்ணி கேட்டால் வீட்டுப் பெரியவர்கள் விடமாட்டார்கள், மரவள்ளிக்கும் இஞ்சிக்கும் ஒத்துவராது என்பது இங்கத்தைய நம்பிக்கை. வெறும் தேத்தண்ணி குடித்தால் வழக்கு இல்லை.

நண்டுக்கறி தனியாக எடுக்கிறவர்களுக்கு ஒன்று: சில உணவகங்களில் விலை நிறைக்கு. சமைக்க முன் நிறையையும் மொத்த விலையையும் கேட்டு வையுங்கள். கையில் எடுத்தால் பருமனுக்கு மேல் பாரமாக இருக்க வேண்டும், வயிற்றுப்பக்கம் அமத்தினால் அமுங்கக் கூடாது. நிலவுக் காலத்து நண்டில் சதையில்லை என்று கடற்கரையில் சொல்லுவார்கள். அமத்திப் பார்ப்பது எந்தக் காலத்துக்கும் பொருந்தும்.

இரவுக்குக் கொத்துரொட்டி. எல்லாத் தெருவிலும் கடை இருக்கிறது, தகரம் அடிபடுகிற சத்தமே வழி காட்டும். ஆனால் சத்தம் பெரிதாக இருந்தால் கொத்து நல்லது என்று இல்லை. கல்லைப் பாருங்கள். வெங்காயம், லீக்ஸ், கோவா விழுந்ததும் சீறிப் புகை கிளம்ப வேண்டும். ஐந்து பேரின் ஓடரை ஒரே தரத்தில் கல்லில் கொட்டினால் சூடு இறங்கி மரக்கறி தண்ணீர் விடும், அந்தத் தண்ணீரில் ரொட்டி அவிந்து களியாகும். அதனால் இரண்டு இரண்டு ஓடராகப் போடச் சொல்லுங்கள். முதலில் வந்ததை எல்லோரும் பகிர்ந்து சாப்பிடும்போது அடுத்தது சூடாய் வரும். குழம்பைக் கல்லில் ஒரு கரண்டி மட்டும் விட்டு, மிச்சத்தைக் கிண்ணத்தில் தரச் சொல்வதும் உதவும். காய்ந்துபோன பழைய ரொட்டியை மறைக்கத்தான் அளவுக்கு மிஞ்சிக் குழம்பு விழும். முழுக் கொத்து ஒன்று சாதாரண வயிற்றுக்காரர் இரண்டு பேருக்குப் போதும்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்குக் கொடியேறினால் கணக்கெல்லாம் மாறும். ஆவணி அமாவாசைத் தீர்த்தத்தோடு முடிகிற 25 நாளும் கோயிலைச் சுற்றி வீதிகள் வாகனத்துக்கு மூடப்படும். தள்ளி நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். வீடுகளில் மச்சம் (மீன், இறைச்சி) சமைப்பது நிற்கும், கூட்டாளிமாரில் அரைவாசிப் பேர் விரதம். அந்த நாட்களில் கோயிலடியில் சைவம் தவிர வேறு பேச்சு வேண்டாம். தேர் 24ஆம் நாள். அன்றைக்குச் சாப்பாட்டுத் திட்டம் போடுவது வீண், சனத்துக்குள் கடை வாசலே தெரியாது. முதல் வாரத்துப் பின்னேரங்களில்தான் ஆறுதலாய் இருக்கலாம்.

கோயிலால் வெளிக்கிட்டால் ரியோ ஐஸ்கிறீம் கடை. ஆவணி வெக்கையில் கோனை வாங்கிக்கொண்டு நடக்க வேண்டாம், பத்தடிக்குள் முழங்கையில் வழியும். உள்ளே இருந்து, ஜெலியும் பழமும் கச்சானும் (நிலக்கடலை) போட்ட ஸ்பெஷல் ஒன்றை இரண்டு பேருக்காய் எடுங்கள். முழுதாய் ஒருவருக்கென்றால் பாதியிலே தித்திப்பு முட்டும்.

கச்சான்காரரிடம் பாருங்கள், தாச்சியில் மணல் கறுத்துப் புகைந்துகொண்டிருக்க, அகப்பையால் கச்சானை அள்ளி அள்ளிப் புரட்டுவார்கள். அரிதட்டில் மணலை அரித்துவிட்டு ஒன்றை உடைத்துப் பார்க்கத் தருவார்கள். தோல் விரலுக்கு உதிர்ந்து பருப்பு வெளிர்மஞ்சளாய் இருந்தால் சரி. உள்ளே பழுப்பேறினால் கயக்கும். சூட்டோடு மெதுவாய்த்தான் இருக்கும், ஆறும்போதுதான் மொறுகும், ஆகவே "வறுபடேல்லை" என்று சண்டை பிடிக்க வேண்டாம். குவித்து வைத்ததில் வாங்காமல் வறுபட்டு இறங்குவதில் வாங்கினால் போதும்.

பலகாரத்தில் பொறுமைதான் வேண்டும். நல்லூர்க் காலமும் பனம்பழக் காலமும் ஒன்றோடொன்று ஒட்டி வருவதால் பனங்காய்ப் பணியாரம் அந்நேரம் கிடைக்கும். பனங்களியைச் சீனியோடு நன்றாய்க் காய்ச்சி, கயப்பையும் காறலையும் போக்கி, ஆறின பின் கோதுமை மா சேர்த்துக் கிள்ளிப் பொரிக்க வேண்டும். களி காயாமல் விட்டால் தொண்டை காறும், அடுத்த நாளே புளித்துவிடும். மா கூடினால் உருண்டை கல்லாகும். எண்ணெய் மெத்தச் சூடானால் வெளியே கறுத்து உள்ளே பச்சை மா. சூடாய்ச் சாப்பிட்டால் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். மூடி வைத்து மறுநாள் எடுங்கள், எண்ணெயும் களியும் சேர்ந்து மெதுமெதுவென்று ஆகியிருக்கும். அரியதரமும் அப்படித்தான், இரண்டாம் நாள் சுவை.  சிப்பிப் பலகாரம் நாட்பட நிற்கும், காற்றுப் புகாமல் பேணியில் போட்டால்.

பரிசுக்கு எடுத்துப்போகச் சிறந்தது பருத்தித்துறைத் தட்டை வடை. நல்ல வடையில் உழுந்து பாதியாய்த் தெரியும், பெருஞ்சீரக மணம் பொதி திறக்கும்போதே வரும், நடுவும் ஓரமும் ஒரே சத்தத்தோடு முறியும். நடு வளைந்தால் தடிப்பாய்த் தட்டியிருக்கிறார்கள் அல்லது ஈரம் குடித்திருக்கிறது. பைக்குள் எண்ணெய் படிந்து சிக்கு மணம் அடித்தால் திகதி எதுவாக இருந்தாலும் வாங்காதீர்கள். ஒடியல் மா, புழுக்கொடியல், குட்டானில் (பனையோலைச் சிறு பெட்டி) வருகிற பனங்கட்டி எல்லாம் பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் விற்பனை நிலையத்தில் கிடைக்கும். பனங்கட்டியை அமத்திப் பார்க்க வேண்டும். பிசுபிசுத்தால் ஈரம் பட்டது, பிறகு பூஞ்சணம் பிடிக்கும்.

தீபாவளிக்குக் கடைச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பங்கு இறைச்சிக்குச் சேருங்கள். அயலில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு கிடாய் எடுத்து, இறைச்சி, எலும்பு, ஈரல், குடல் எல்லாம் ஒவ்வொரு பங்கிலும் விழும்படி கூறு போடுவார்கள். கடையில் கிலோவுக்கு வாங்கினால் எலும்பு எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்பது கடைக்காரர் கையில். பங்கில் எல்லோர் கண்முன்னாலும் பிரிபடும். ஒரு வாரத்துக்கு முன் பெயர் கொடுத்து முற்பணம் கட்டாவிட்டால் இடமில்லை. அன்று சமைக்கிற ஒழுங்கும் முக்கியம்: ஈரலும் இரத்தமும் காலையிலேயே வறுத்துவிட வேண்டும், அவை பொறுக்காது, இறைச்சியைக் கறித்தூளில் பிரட்டி ஒரு மணித்தியாலம் ஊற விட்டு மத்தியானத்துக்குக் குழம்பு, எலும்பு பின்னேரம் மிளகு, மல்லி போட்டு ரசம். இரண்டு வீட்டுக்காரர் சேர்ந்து ஒரே அடுப்பில் சமைத்தால் செலவும் மிச்சம். மிஞ்சியதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து நாளைக்குப் பார்ப்பம் என்று நினைக்க வேண்டாம். ஓரிரு நாளில் கந்தசட்டி தொடங்கும், விரதக்காரர் வீட்டில் அந்தச் சட்டியை ஒருவரும் தொடமாட்டார்கள்.