ஸ்டீமா, எபிக்கா, கம்பெனியின் சொந்தக் கடையா? பி.சி. கேம் வாங்குகிறவர்களுக்கான ஒரு கணக்கு

பி.சி. கேம் வெளியிடும் பெரிய கம்பெனிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. பி.சி. கேம் விற்கும் பெரிய ஆன்லைன் கடையான ஸ்டீமோடு கோபித்துக்கொண்டு வெளியே போவார்கள். சொந்தமாகக் கடை போடுவார்கள். சில வருடம் கழித்து மூட்டை முடிச்சோடு திரும்பி வருவார்கள். இ.ஏ. 2011-இல் போய் 2019-இல் வந்தது. பெதஸ்டா 2018-இல் ஃபால்அவுட் 76-ஐ ஸ்டீமில் போடாமல் தன் லாஞ்சரிலேயே, அதாவது கேமை வாங்கி ஓடவிடும் தன் சொந்தச் செயலியிலேயே, விற்றது. 2020-இல் ஸ்டீமுக்குக் கொண்டுவந்தது. 2022-இல் லாஞ்சரையே இழுத்து மூடியது. ஆக்டிவிஷன் 2018-இல் கால் ஆஃப் டூட்டியை பேட்டில்.நெட்டுக்குத் தூக்கிப் போனது, 2022-இல் திரும்பியது. யூபிசாஃப்ட் 2019-இல் கிளம்பி 2022 கடைசியில் வந்து சேர்ந்தது.

ஏன் போகிறார்கள், ஏன் வருகிறார்கள், இதற்கிடையே காசு கொடுத்து வாங்கும் நமக்கு எங்கே வாங்கினால் லாபம்? களத்தில் இருப்பவை மூன்று. எல்லாரும் கடை விரிக்கும் சந்தையாக ஸ்டீம். முன்பணம் கொடுத்து கேம்களைத் தன் பக்கம் இழுக்கும் எபிக். அப்புறம் இ.ஏ. ஆப், யூபிசாஃப்ட் கனெக்ட், பேட்டில்.நெட் மாதிரியான சொந்தக் கடைகள். ஓரமாக ஜி.ஓ.ஜி. இருக்கிறது. அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள், மறக்கக் கூடாத கடை அது.

எக்ஸ்க்ளூசிவ், அதாவது ஒரு கடையில் மட்டும் கிடைக்கும் கேம், என்றாலே ஸ்டீம் ரசிகர்களுக்குக் கோபம் வருகிறது. ஆனால் ஸ்டீமும் அந்த வழியில் வளர்ந்ததுதான். 2003 செப்டம்பரில் அது வந்தபோது யாரும் அதை விரும்பி இன்ஸ்டால் செய்யவில்லை. 2004 நவம்பரில் ஹாஃப்-லைஃப் 2 வந்தது. கடையில் டிஸ்க் வாங்கினாலும் ஸ்டீம் அக்கவுண்ட் இல்லாமல் விளையாட முடியாது என்று ஸ்டீமை நடத்தும் வால்வ் சொல்லிவிட்டது. திட்டிக்கொண்டே எல்லாரும் அக்கவுண்ட் திறந்தார்கள். பின்னால் வந்த ஒவ்வொரு கம்பெனியும் இதைப் பார்த்துத்தான் "நம்மிடமும் ஒரு பெரிய கேம் இருக்கிறதே" என்று கிளம்பியது. வால்வ் அன்றைக்கு இறங்கியபோது எதிரே கடையே இல்லை என்பதை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

விட்டுப் போவதில் இருக்கும் கணக்கு

ஸ்டீமின் பங்கு 30%. 60 டாலர் கேம் ஒன்று விற்றால் கம்பெனி கைக்கு வருவது 42. சொந்தக் கடையில் விற்றால் முழு 60-ம் வரும். பணம் செலுத்தும் கட்டணம், டவுன்லோட் சர்வர், கஸ்டமர் கேர் செலவெல்லாம் தன் தலையில் விழும், அதை இப்போதைக்கு ஒதுக்கி வைப்போம். அப்படியே பார்த்தாலும் ஸ்டீமில் வாங்கியிருக்கக்கூடிய 100 பேரில் 70 பேராவது கூடவே வர வேண்டும். 69 ஆனால் நஷ்டம்.

2018 கடைசியில் வால்வ் இந்தக் கணக்கையே மாற்றியது. ஒரு கேமின் விற்பனை 1 கோடி டாலரைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு 25%, 5 கோடியைத் தாண்டினால் 20%. 5 கோடியெல்லாம் யாருக்கு எட்டும்? ஓடிப்போகும் வசதி உள்ள பெரிய கம்பெனிகளுக்குத்தான். அவர்களுக்கு இப்போது ஸ்டீமில் 60-க்கு 48 கிடைக்கும். ஆகவே சொந்தக் கடைக்கு 100-க்கு 80 பேர் வந்தாக வேண்டும். சிறிய டெவலப்பர் அதே 30%-ஐத்தான் இன்றைக்கும் கொடுக்கிறார். பேரம் பேசும் பலம் யாரிடம் இருந்ததோ அவர்களுக்கு மட்டும் தள்ளுபடி.

அந்த 80 பேர் வருவார்களா? இ.ஏ.வின் கதையைப் பாருங்கள். 2011-இல் ஆரிஜின் என்ற சொந்தக் கடையைத் தொடங்கி, பேட்டில்ஃபீல்ட் 3-ஐ அதில் மட்டும் விட்டது. அடுத்த வருடம் மாஸ் எஃபெக்ட் 3. ஃபிஃபா, சிம்ஸ் 4 எல்லாம் அதே வழியில். இவற்றைவிடப் பலமான சரக்கு வேறு யாரிடமும் கிடையாது. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: 2013-லேயே ஆரிஜின் தன் கேம்களுக்குப் பணம் திருப்பித் தரத் தொடங்கியது. ஸ்டீம் அதைச் செய்தது 2015 ஜூனில்தான். போட்டி இருந்ததால் வாங்குகிறவருக்குக் கிடைத்த நன்மைகளில் இதை முதலில் சொல்வேன். ஆனாலும் 2019 நவம்பரில் ஸ்டார் வார்ஸ் ஜெடை: ஃபாலன் ஆர்டர் ஸ்டீமில் வந்தது. 2020-இல் பழைய கேம்கள் வரிசையாக வந்தன, இ.ஏ. பிளே சந்தாவும் வந்தது. 2022-இல் ஆரிஜினை ஓரங்கட்டி இ.ஏ. ஆப் வந்தது.

யூபிசாஃப்டின் கதை இன்னும் கசப்பானது. 2019-இல் தி டிவிஷன் 2 ஸ்டீமைத் தவிர்த்து எபிக்குக்கும் தன் கடைக்கும் போனது. அசாசின்ஸ் கிரீட் வல்ஹாலா 2020 நவம்பரில் வந்தது. ஸ்டீம்காரர்கள் 2022 டிசம்பர் வரை காத்திருந்தார்கள். புத்தி வந்துவிட்டது என்று நினைத்தால், 2024 ஆகஸ்டில் ஸ்டார் வார்ஸ் அவுட்லாஸை மறுபடியும் ஸ்டீமில் போடாமல் விட்டார்கள். ஆரம்ப விற்பனை எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்று அடுத்த மாதமே கம்பெனி சொன்னது. அதே அறிவிப்பில் அசாசின்ஸ் கிரீட் ஷேடோஸ் முதல் நாளே ஸ்டீமில் வரும் என்றும் சொன்னது. அவுட்லாஸ் நவம்பரில் ஸ்டீமுக்கு வந்தது. அந்த கேம் தடுமாறியதற்கு ஸ்டீமில் இல்லாதது மட்டும் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். கேமிலும் குறை இருந்தது. ஆனால் சினிமாவுக்கு முதல் வார வசூல் போல, கேமுக்கு முதல் இரண்டு வாரப் பேச்சு. அந்தப் பேச்சு நடக்கும் இடத்தில் சரக்கு இல்லை.

சொந்தக் கடை ஓடுகிற இடங்களும் உண்டு. ரயட்டின் வேலரன்ட், லீக் ஆஃப் லெஜண்ட்ஸ், எபிக்கின் சொந்த ஃபோர்ட்நைட், மைன்கிராஃப்ட். ஸ்டீமே இவற்றுக்குத் தேவைப்படவில்லை. இவை நண்பர்களோடு தினமும் ஆடும் கேம்கள், மைன்கிராஃப்ட் தவிர மற்றவை இலவசம். இப்படிப்பட்ட கேமுக்கு மக்கள் எந்த லாஞ்சரையும் இன்ஸ்டால் செய்வார்கள். 30 மணி நேரத்தில் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிற கதை கேமுக்குச் செய்ய மாட்டார்கள். யூபிசாஃப்டும் இ.ஏ.வும் தங்களிடம் இருப்பது எந்த ரகம் என்பதில்தான் கோட்டைவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

எபிக்கின் காசு

எபிக் கேம்ஸ் ஸ்டோர் 2018 டிசம்பரில் திறந்தது. பங்கு 12% மட்டும். 60 டாலர் கேமுக்கு 52.80 டாலர் கைக்கு வரும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஸ்டீமில் 20% அடுக்கை எட்டிய பெரிய கேமுக்கு, எபிக்கில் மட்டும் விற்பதென்றால் 100-க்கு 91 பேர் பின்னால் வர வேண்டும். வர மாட்டார்கள் என்பது எபிக்குக்கும் தெரியும். அதனால்தான் விற்பனை எப்படிப் போனாலும் இவ்வளவு என்று முன்பணம். 2019-இல் வந்த கண்ட்ரோல் கேமுக்கு 94.9 லட்சம் யூரோ கைமாறியது, அதன் வெளியீட்டாளரின் தாய் நிறுவனமான டிஜிட்டல் ப்ரோஸின் கணக்கு அறிக்கையிலிருந்து வெளியே தெரிந்தது. அப்படிப் பார்த்தால் வெளியீட்டாளர் முட்டாளும் இல்லை, துரோகியும் இல்லை. தலைக்கு மேல் ரிஸ்க் இருக்கிறவர் நிச்சயமான பணத்தை எடுத்துக்கொள்கிறார்.

கோபம் வந்தது முறையால். மெட்ரோ எக்ஸோடஸ் 2019 பிப்ரவரி 15-இல் வெளியாக வேண்டியது. ஸ்டீமில் முன்பதிவு ஓடிக்கொண்டிருந்தபோது, ஜனவரி கடைசியில் திடீரென எபிக்குக்கு மாறியது. முன்பதிவு செய்தவர்களுக்கு ஸ்டீமிலேயே கிடைத்தது, மற்றவர்களுக்கு ஒரு வருடக் காத்திருப்பு. அதே வருடம் பார்டர்லேண்ட்ஸ் 3-க்கு ஆறு மாதம். அப்போது எபிக் கடையில் ரிவ்யூ எழுத வசதி இல்லை. பல கேம்களைச் சேர்த்து வாங்க கார்ட்கூட இல்லை, அது வந்தது 2021 டிசம்பரில். மூன்று வருடம் கார்ட் இல்லாமல் ஒரு கடை!

இலவச கேம்கள் வேறு விஷயம். வாரா வாரம் கொடுத்தார்கள், இன்னும் கொடுக்கிறார்கள். 2020 மே மாதம் ஜி.டி.ஏ. 5-ஐ இலவசமாக விட்டபோது கூட்டம் தாங்காமல் கடையே படுத்துவிட்டது. முதல் ஒன்பது மாத இலவசங்களுக்கு எபிக் செலவழித்தது சுமார் 1 கோடியே 16 லட்சம் டாலர், கிடைத்தது ஏறக்குறைய 50 லட்சம் புது அக்கவுண்ட். ஆப்பிளோடு நடந்த வழக்கில் இந்த விவரங்கள் வெளியே வந்தன. விளம்பரச் செலவாகப் பார்த்தால் மலிவுதான். ஆனால் இலவசத்துக்கு வந்தவர் அடுத்த கேமைக் காசு கொடுத்து அங்கேயே வாங்கினாரா? 2024-இல் எபிக் பி.சி. அக்கவுண்ட்கள் 29.5 கோடி என்று அவர்களே சொன்னார்கள். அந்த வருடம் பிறர் தயாரித்த கேம்களில் மக்கள் செலவிட்டது 25.5 கோடி டாலர், முந்தைய வருடத்தைவிட 18% குறைவு. அக்கவுண்ட் ஒன்றுக்கு ஒரு டாலர்கூட வரவில்லை.

எபிக் எக்ஸ்க்ளூசிவ்களில் ஆலன் வேக் 2-ஐ மட்டும் தனியாக வைப்பேன். 2023-இல் வந்த இதற்குப் பணம் போட்டு வெளியிட்டதே எபிக்தான். ஸ்டீமில் வரவிருந்ததைத் தட்டிப் பறித்த கதை இல்லை, எபிக் இல்லாவிட்டால் அந்த கேம் அந்த உருவில் வந்திருக்குமா என்பதே சந்தேகம். பணம் போட்டவர் தன் கடையில் விற்பதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. பிறக்கப்போகும் கேமுக்குப் பணம் போடுவது வேறு, முடிந்த கேமுக்குக் கதவு போட்டுப் பூட்டுவது வேறு.

வாங்குகிறவர் பக்கம்

ரீஃபண்டில் ஸ்டீமும் எபிக்கும் ஒன்றுதான்: 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பும். ஜி.ஓ.ஜி. 30 நாள் தருகிறது, ஆடியிருந்தாலும் கேட்கலாம். விலையில் பெரிய வித்தியாசம் எங்கும் இல்லை. எபிக் குறைவாகப் பங்கு எடுக்கிறதே என்று கேம் விலை குறையவில்லை. மிச்சமானது வெளியீட்டாளரிடமே தங்கியது. இந்தியாவில் ஸ்டீம் 2015 நவம்பரிலிருந்து ரூபாயில் விலை காட்டுகிறது, இலங்கையில் இருப்பவர் டாலரில்தான் கட்ட வேண்டும்.

ரிவ்யூதான் ஸ்டீமின் உண்மையான பலம் என்பேன். கம்பெனியின் சொந்தக் கடையில் அந்தக் கம்பெனியின் கேமைப் பற்றித் திட்டி எழுத இடம் ஏது? 2023 ஆகஸ்டில் ஓவர்வாட்ச் 2 ஸ்டீமுக்கு வந்த உடனே ஆயிரக்கணக்கானோர் எதிர்மறை ரிவ்யூ போட்டுத் தள்ளினார்கள். அத்தனை நாள் பேட்டில்.நெட்டுக்குள் அடங்கியிருந்த குமுறல் அது.

ஆனால் ஸ்டீமில் வாங்கிவிட்டால் கம்பெனி லாஞ்சரிலிருந்து தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள். யூபிசாஃப்ட் கேமை ஸ்டீமில் வாங்கினாலும் பிளே அழுத்தியதும் யூபிசாஃப்ட் கனெக்ட் எழுந்து வந்து லாகின் கேட்கும். இ.ஏ.வின் பல கேம்களும் அப்படித்தான். 2024 மே மாதம் சோனி இதையே ஹெல்டைவர்ஸ் 2-இல் செய்யப் பார்த்தது. ஸ்டீமில் வாங்கியவர்களும் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் அக்கவுண்டை இணைத்தே ஆக வேண்டும் என்றார்கள். அந்தச் சேவையே இல்லாத நாடுகள் ஏராளம், இலங்கையும் அதில் ஒன்று. எதிர்மறை ரிவ்யூக்கள் குவிந்ததும் சில நாளிலேயே சோனி பின்வாங்கியது. அந்த ரிவ்யூக்களுக்கு இடமில்லாத கடையாக இருந்தால் பின்வாங்கியிருப்பார்களா?

எல்லாவற்றையும்விட, வாங்கிய கேம் நம்முடையதா என்ற கேள்வி இருக்கிறது. யூபிசாஃப்டின் தி குரூ 2024 மார்ச் 31-இல் நிறுத்தப்பட்டது. சர்வர் இல்லாமல் ஓடாத கேம் என்பதால் தனியாக ஆடவும் வழியில்லை. எந்தக் கடையில் வாங்கியவருக்கும் அதே கதி. கலிபோர்னியாவின் புதிய சட்டம் 2025-இல் அமலுக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால், நீங்கள் வாங்குவது உரிமம் மட்டுமே என்று ஸ்டீம் கார்ட்டிலேயே எழுதிப் போட்டது. இந்த இடத்தில் ஜி.ஓ.ஜி.யை யாரும் நெருங்க முடியாது. நகலெடுப்பதைத் தடுக்கும் டி.ஆர்.எம். பூட்டு கிடையாது, இன்ஸ்டாலரை டவுன்லோட் செய்து ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொண்டால் கடையே மூடினாலும் கேம் ஓடும். குறை ஒன்றுதான்: புதிய பெரிய கேம்கள் பலவும் அங்கே வருவதில்லை, வந்தாலும் தாமதம்.

எதை எங்கே வாங்கலாம்

தனியாக ஆடும் கேம், ஜி.ஓ.ஜி.யில் இருக்கிறதென்றால் யோசிக்காமல் அங்கே வாங்குங்கள். இல்லையென்றால் ஸ்டீம்: ரிவ்யூ, ரசிகர்கள் செய்யும் மாற்றங்களான மோட், வால்வின் கையடக்கக் கருவியான ஸ்டீம் டெக்கில் ஓடும் வசதி என எல்லாம் அங்கே இருக்கின்றன. எபிக்கில் இலவசத்தை விடாதீர்கள், தள்ளுபடி வரும் நேரத்தில் பெரிய கேம்களையும் பாருங்கள். யூபிசாஃப்ட், இ.ஏ. சொந்தக் கடைகளில் தனித்தனியாக வாங்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. ஒரு மாதச் சந்தா கட்டி, வேண்டியதை ஆடி முடித்து, ரத்து செய்துவிடுவது ஒரு வழி. ஒரு வருட எக்ஸ்க்ளூசிவ் என்றால் காத்திருப்பதில் இழப்பும் இல்லை. பேட்ச் எல்லாம் வந்து, விலை இறங்கி, சரியாக ஓடுகிற கேம் கிடைக்கும்.

ஸ்டீமைப் பரிந்துரைக்கும்போது ஒரு நெருடல் எனக்கு இருக்கத்தான் செய்கிறது. 2025 மார்ச்சில் ஒரே நேரத்தில் 4 கோடிப் பேருக்கும் மேல் அதில் இருந்தார்கள். வேறு கடையில் விலை குறைத்து விற்க வால்வ் விடுவதில்லை என்று வுல்ஃபயர் கேம்ஸ் 2021-இல் அமெரிக்காவில் வழக்குப் போட்டது. 2024-இல் அது மற்ற டெவலப்பர்களுக்கும் சேர்த்த கூட்டு வழக்காக அனுமதிக்கப்பட்டது. எபிக்கோ 2025 ஜூனிலிருந்து ஒவ்வொரு கேமுக்கும் வருடத்தின் முதல் 10 லட்சம் டாலர் வரை பங்கே எடுப்பதில்லை. சிறிய டெவலப்பருக்கு இது பெரிய தொகை.

அப்படி யாராவது ஒரு சிறு குழுவின் கேம் பிடித்திருந்தால், வாங்கும் முன் அவர்களுடைய தளத்தை ஒரு தரம் பார்த்துவிடுங்கள். ஸ்டீம் கீயை (ஸ்டீமில் கேமைத் திறக்கும் குறியீட்டை) அவர்களே நேரடியாக விற்றால் அதில் வால்வுக்குப் பங்கு கிடையாது, கேம் உங்கள் ஸ்டீம் லைப்ரரியிலேயே வந்து சேரும். சிறு டெவலப்பர்கள் விற்கும் தளமான இட்ச்.ஐஓவில் விற்கிறார்கள் என்றால் இன்னும் நல்லது. அங்கே கடைக்கு எத்தனை சதவீதம் என்பதை விற்பவரே முடிவு செய்கிறார், பூஜ்ஜியம் என்றும் போடலாம்.