பூட்டிய கேட்டும் பக்கத்துச் சந்தும்: திருச்சியில் ஒரு சனிக்கிழமை

அப்பாவின் முதல் வருஷத் திதிக்காகப் பத்து நாள் லீவில் திருச்சிக்குப் போயிருந்தேன். விமானம், பேங்க் வேலை, பத்திரம் எல்லாம் குறையில்லாமல் முடிந்தன. நான் எழுத வந்தது ஒரு சனிக்கிழமைச் சாயங்காலத்தைப் பற்றி.

நான் குடியை விட்டு 4 வருஷமாகிறது. நான் இருக்கும் கனடாவின் டொராண்டோவில், ஸ்கார்பரோ பகுதியில், வாரம் மூன்று நாள் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்குப் போகிறேன். குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் பெயர் விவரம் கேட்காமல் கூடிப் பேசுகிற கூட்டம் அது. போனில் பார்த்தால் இடமும் நேரமும் வந்துவிடும். ஜனவரிப் பனியில் போனாலும் சர்ச் கதவில் சின்ன அட்டை தொங்கும், உள்ளே காபி கொதிக்கும்.

திதி முடிந்த மறுநாள் மொட்டை மாடியில் சித்தப்பா மகன்கள் பாட்டிலைத் திறந்தார்கள். "நாலு வருஷம் ஆச்சுல்லண்ணே, இனிமே ஒண்ணும் ஆகாது" என்று ஒரு டம்ளரை என் பக்கம் நகர்த்தினான் சின்னவன். பாசத்தில்தான் செய்தான். எனக்கோ கை நடுங்கியது. பாத்ரூம் போவதுபோலக் கீழே இறங்கி, இணையத்தில் கிடைத்த ஓர் ஏ.ஏ. கூட்டப் பட்டியலைப் பார்த்தேன். பாலக்கரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம், மாலை 6 மணி. ஆட்டோ பிடித்தேன்.

கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் தாத்தா எழுந்து வந்து, "பேரன்ட்ஸ் மீட்டிங்கா? அது நேத்தே முடிஞ்சிருச்சே" என்றார். குடியை விட்டவர்கள் கூடுகிற கூட்டம் என்றேன். "யாருக்கு, அண்ணனுக்கா?" எனக்குத்தான் என்றதும், "எந்தத் தெரு? யாரு மகன் நீங்க?" என்று கேட்டார். அவர் தப்பாகக் கேட்கவில்லை, ஊரில் அப்படித்தான் பேச்சு தொடங்கும். ஆனால் ஸ்கார்பரோவில் 4 வருஷமாக என் முழுப்பெயரைக்கூட யாரும் கேட்டதில்லை. அப்பா பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ரோட்டோரத்தில் நின்று ஒரு தனியார் குடிநோய் சிகிச்சை மையத்துக்குப் போன் செய்தேன். "அட்மிஷனா சார்?" இல்லைம்மா, நான் இப்போது குடிப்பதில்லை, கூட்டம் எங்கே நடக்கிறது என்று தெரிந்தால் போதும் என்றேன். "குடிக்கலைன்னா எதுக்கு சார் கூட்டம்?" என்றார் அந்தப் பெண்.

அந்தக் கேள்விதான் இன்னும் உறுத்துகிறது. குடியை நிறுத்த நம் ஊரில் வழி இல்லாமல் இல்லை. கோயிலில் கயிறு கட்டுகிறோம், பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் வாங்குகிறோம். கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980ல் சென்னையில் தொடங்கிய அறக்கட்டளைதான் பிறகு டி.டி.கே. என்ற குடிநோய் சிகிச்சை மருத்துவமனையாக வளர்ந்தது. சிகிச்சையும் இருக்கிறது. ஆனால் நிறுத்திய பிறகு? நானே மூன்று வருஷம் சபரிமலைக்கு மாலை போட்டவன். 48 நாளும் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. மாலையைக் கழற்றிய அன்று ராத்திரியே கடைக்குப் போய் நின்றேன், மூன்று வருஷமும். 49வது நாளுக்குத்தான் கூட்டம் வேண்டும். 1935ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஏ.ஏ. தொடங்கியதே, குடியை விட்ட ஒருவர் விட முடியாத இன்னொருவரிடம் உட்கார்ந்து பேசியதிலிருந்துதான்.

கடைசியாகச் சென்னை ஏ.ஏ. எண்ணுக்குப் போட்டேன். எடுத்தவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "எங்க நிக்கிறீங்க தம்பி?" அப்புறம், "அங்கேயே நில்லுங்க, நகராதீங்க." இருபது நிமிஷத்தில் ஒரு பெரியவர் டிவிஎஸ் எக்ஸலில் வந்து, ஏறச் சொன்னார். வண்டி பள்ளிக்கூடத்தைச் சுற்றிக்கொண்டு பக்கத்துச் சந்தில் திரும்பி நின்றது. அதே பள்ளி, பின்வாசல். நேரம் 7 மணிக்கு மாறி வெகுநாளாகிறதாம். முன்கேட்டுத் தாத்தா வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான்.

மூன்றாம் வகுப்பு அறை. பெஞ்சுக்குள் முட்டி நுழையாமல் பதினோரு பேர் பக்கவாட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தோம். கரும்பலகையில் ஏழாம் வாய்ப்பாடு பாதி அழிந்திருந்தது. காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர் பேசினார், ரிட்டயரான அதிகாரி ஒருவர் பேசினார். என் முறை வந்தது. "நான் ஒரு குடிநோயாளி" என்று தமிழில் அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சொன்னேன். டொராண்டோவில் எத்தனையோ தடவை இங்கிலீஷில் சொன்ன கதைதான். ஆனால் "எங்கப்பா என்னை நிதானத்துல நேர்ல பார்த்ததே இல்ல" என்று சொன்னதும் மேலே பேச முடியவில்லை. சாவுக்கும் என்னால் வந்து சேர முடியவில்லை. மூட்டை தூக்குபவர் எழுந்து வந்து என் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார். யாரு மகன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் பெரியவரிடம், வாசலில் ஒரு சின்ன போர்டாவது வைக்கக் கூடாதா என்று கேட்டேன். பிள்ளைகளைப் பெற்றவர்கள் சங்கடப்படுவார்கள், இடம் கொடுத்ததே பெரிது என்றார். அவர் சொல்வது புரிகிறது, ஆனாலும் மனசு ஒப்பவில்லை. டாஸ்மாக் எங்கே என்று அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். அன்றைக்கு அந்தப் போனை யாரும் எடுக்காமல் இருந்திருந்தால் நான் திரும்பிப் போயிருக்கக்கூடிய இடம் மொட்டை மாடிதான்.

வீட்டுக்குப் போகுமுன் முன்கேட்டுக்கு நடந்தேன். தாத்தாவிடம் செவ்வாயும் சனியும், 7 மணி, பக்கத்துச் சந்து என்று சொல்லி, அவருடைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதியும் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை போனபோது கேட்டுக்கு வெளியே ஓர் இளைஞன் போனும் கையுமாக நின்றிருந்தான். தாத்தா அவனிடம் ஒன்றும் கேட்காமல், டார்ச்சைச் சந்துப் பக்கம் அடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.