பதின்ம வயதுப் பாப் பாடல்கள்: முழு ஆல்பமா, கலவைப் பட்டியலா?

பதின்ம வயதில் நேசித்த பாப் இசைக்குத் திரும்பிப் போக இன்று இரண்டு வழிகள். அந்த ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிவரை கேட்கலாம். அல்லது ஸ்ட்ரீமிங் செயலி தொகுத்துத் தரும் 'தொண்ணூறுகளின் ஹிட்ஸ்' போன்ற பட்டியலை ஓடவிடலாம்.

பட்டியல் சுலபம். மறந்தே போன பாட்டு திடீரென்று வந்து உலுக்கும். ஆனால் அதில் இருப்பவை ஊருக்கே பிடித்தவை. நமக்கு மட்டும் உயிராக இருந்த அந்த ஏழாவது பாட்டு அங்கே வரவே வராது. எனக்கு அது பெரிய இழப்பு.

ஆல்பத்தின் பலம் வரிசை. கேசட்டில் பாட்டைத் தாண்டுவது தொல்லை என்பதால் பிடிக்காததையும் சேர்த்தே கேட்டோம். வரிசை அப்படியே மனதில் பதிந்தது. ஒரு பாட்டு முடிந்த மௌனத்திலேயே அடுத்ததன் தொடக்கம் காதுக்குள் கேட்குமே! 2009-இல் வெளியான ஓர் ஆய்வு இதை மூளை ஸ்கேனில் பார்த்தது: நன்கு பழகிய குறுந்தகட்டில், பாடல்களுக்கு இடைப்பட்ட நிசப்தத்தின்போது மூளையின் முன்பகுதி சுறுசுறுப்பானது. பிடித்த இசையின் உச்சத்துக்கு முந்தைய எதிர்பார்ப்பிலேயே மூளையில் டோபமைன் என்ற இன்ப உணர்வோடு தொடர்புடைய வேதிப்பொருள் சுரக்கிறது என்று 2011-இல் இன்னோர் ஆய்வு காட்டியது. கலைத்துப்போட்ட பட்டியலில் அந்த எதிர்பார்ப்பு ஒவ்வொரு பாட்டுக்குள்ளும் இருக்கும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே இருக்காது.

நண்பர்கள் கூடும்போது பட்டியல் போதும். தனியாக முக்கால் மணி நேரம் கிடைத்தால், ஷஃபிளை அணைத்துவிட்டு ஆல்பத்தைப் போடுங்கள்.