சொந்தமாகப் புத்தகம் போட பேக்கேஜ் வாங்குபவர்கள் கவனத்துக்கு

என் சிறுகதைத் தொகுப்பை நானே வெளியிடலாம் என்று முடிவு செய்து, ஒரு வெளியீட்டுச் சேவை நிறுவனத்திடம் பணம் கட்டினேன். "எழுதியதை எங்களிடம் கொடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார்கள். புத்தகம் வந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதன் ஐஎஸ்பிஎன் (புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்), மின்னூல் கணக்கு, பக்க வடிவமைப்புக் கோப்பு எல்லாமே அவர்கள் கையில் இருக்கின்றன. என்னிடம் இருப்பது ரசீதும் சில பிரதிகளும்தான். நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை. இதே முறையில் தொழில் செய்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த ஒரு பெயரை மட்டும் தவிர்த்தால் போதும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

பேக்கேஜில் இருந்தவை: பிழைதிருத்தம், பக்க வடிவமைப்பு, அட்டை, ஐஎஸ்பிஎன், காப்புரிமை (காப்பிரைட்), மின்னூல், உலகளாவிய விநியோகம். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகை. எதற்கு எவ்வளவு என்று கேட்டதற்கு, "பேக்கேஜ் ரேட்டைப் பிரிக்க முடியாது சார்" என்றார்கள். ஏன் பிரிக்கவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. ஐஎஸ்பிஎன் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் காசு கொடுத்து வாங்க வேண்டியது; இந்தியாவிலும் கனடாவிலும் எழுத்தாளரே விண்ணப்பித்து இலவசமாகப் பெறலாம். காப்புரிமை, பெர்ன் உடன்படிக்கை என்ற சர்வதேசக் காப்புரிமை ஒப்பந்தத்தில் உள்ள நாடுகளில், படைப்பு உருவான உடனே எழுதியவருக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்தால்தான் உரிமை என்பது இல்லை. அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் மின்னூல் ஏற்றக் கட்டணம் கிடையாது. "உலகளாவிய விநியோகம்" என்பது அப்படி ஏற்றும்போது எல்லா நாடுகளிலும் விற்கச் சம்மதம் என்று ஒரு பெட்டியில் டிக் அடிப்பது. ஆகப் பட்டியலில் பார்க்கப் பெரிதாக இருந்த பாதி விஷயங்கள், செலவே இல்லாதவை அல்லது மிகக் குறைந்த செலவில் முடிபவை. உண்மையில் காசும் நேரமும் பிடிப்பவை பிழைதிருத்தமும் வடிவமைப்பும். அவர்கள் கை வைத்ததும் அந்த இரண்டில்தான்.

நான் கொடுத்தது சுத்தமான யுனிகோட் கோப்பு, அதாவது இன்று கணினியிலும் கைபேசியிலும் பொதுவாகப் புழங்கும் எழுத்துமுறை. அவர்களுடைய வடிவமைப்பாளர் பழைய மென்பொருளில், யுனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் வேலை செய்பவர். மாற்றியதில் கொம்பு ஒரு வரியின் கடைசியிலும் அதற்குரிய எழுத்து அடுத்த வரியின் தொடக்கத்திலும் போய் நின்றன. 'ஔ' எல்லாம் 'ஒள' ஆகிவிட்டது. மேற்கோள் குறிகள் வேறு ஏதோ எழுத்துகளாக மாறியிருந்தன. மெய்ப்பில் (அச்சுக்கு முன் சரிபார்க்கத் தரும் பிரதியில்) பக்கம் பக்கமாகக் குறித்து அனுப்பினேன். திருத்தி வந்த பிரதியில் பழைய பிழைகளில் பாதி அப்படியே இருந்தன, புதிதாகவும் சில சேர்ந்திருந்தன. இரண்டு சுற்றுக்கு மேல் போனால் கூடுதல் கட்டணமாம். "இது எழுத்துரு மாற்றியதில் வந்த பிழை, நான் எழுதியது இல்லையே" என்றேன். "ஆசிரியர் குறிக்கிறதெல்லாம் ஆசிரியர் திருத்தம்தான் சார்" என்று பதில் வந்தது. கட்டினேன். அதே கோப்பிலிருந்து மின்னூல் எடுத்ததால் அத்தனை பிழைகளும் அங்கேயும் குடியேறின. பிழைதிருத்துபவர் என்று ஒருவர் இருந்தாரா என்பதே எனக்குச் சந்தேகம்.

காலக்கெடு தனிக் கதை. ஒரே மாதத்தில் புத்தகம் கையில் என்றார்கள். நம்ப வைப்பதற்காக முதல் வாரமே முழு அட்டையை அனுப்பிவிட்டார்கள். முன்பக்கம், பின்பக்கம், முதுகு எல்லாம் சேர்த்து, பார்க்க அழகாகத்தான் இருந்தது. முதுகின் அகலம் பக்க எண்ணிக்கையையும் தாளின் தடிமனையும் பொறுத்தது. பக்க வடிவமைப்பு முடியாமல் அதை முடிவு செய்யவே முடியாது. எனவே வடிவமைப்பு முடிந்து பக்கங்கள் கூடியதும் அட்டையை மறுபடி செய்ய வேண்டியதாயிற்று. அதற்கும் ஒரு பில்! அப்புறம், "மின்னூல் அமேசான் அனுமதிக்குப் போயிருக்கிறது" என்று வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பரிசீலனை வழக்கமாக 72 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதாவது கோப்பை அவர்கள் ஏற்றவே இல்லை. இருநூறு பக்கப் புத்தகத்தை ஒழுங்காகச் செம்மை செய்து, இரண்டு மெய்ப்புப் பார்த்து, மாதிரிப் பிரதியைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகு அச்சுக்குக் கொடுப்பதென்றால் மூன்று முதல் ஆறு மாதம் ஆகும் என்பதுதான் என் கணிப்பு. ஒரு மாதம் என்று யாராவது சொன்னால் இதில் எந்த வேலையைச் செய்யப் போவதில்லை என்று கேளுங்கள்.

"நூறு சதவீத ராயல்டி", அதாவது விற்பனையில் எழுத்தாளருக்கு வரும் பங்கு முழுவதும் எனக்கே என்று அவர்கள் சொன்னதற்கும் வருகிறேன். கிண்டிலில் மின்னூலின் விலை 2.99 முதல் 9.99 டாலருக்குள் இருந்தால், பெரும்பாலான பெரிய சந்தைகளில் 70 சதவீத ராயல்டியைத் தேர்ந்தெடுக்கலாம். இல்லாவிட்டால் 35 சதவீதம். இது கணக்கு வைத்திருப்பவருக்குப் போகிறது, கணக்கு அவர்களுடையது. அச்சுப் பிரதியில் கடைக்காரர் கழிவு, அச்சுச் செலவு, இவர்களுடைய 'நிர்வாகக் கட்டணம்' எல்லாம் போக மிஞ்சுவதில்தான் எனக்கு நூறு சதவீதம். எத்தனை பிரதி விற்றது என்று நானாகப் பார்க்க வழியில்லை. அவர்கள் எப்போதாவது அனுப்பும் எக்ஸெல் தாள்தான் சாட்சி. விலையையும் அவர்களே வைத்தார்கள், இந்த அளவுப் புத்தகத்துக்கு மிக அதிகமாக. பிறகு 'ஆசிரியருக்குச் சலுகை விலை' என்று எனக்கே பிரதிகளை விற்றார்கள். ஒரு சாதாரண அச்சகத்தில் மதிப்பீடு கேட்டேன். அந்தச் சலுகை விலை, தேவைக்கேற்ப ஒவ்வொன்றாக அச்சிடும் செலவைவிடவே அதிகம். ஆஃப்செட்டில் மொத்தமாக அடித்தால் வித்தியாசம் இன்னும் கூடும். அவர்களுக்கு வாசகர்கள் தேவையே இல்லை, வாங்குவதற்கு நான் ஒருவன் போதும்.

விலகலாம் என்று பார்த்தால், ஐஎஸ்பிஎன் அவர்கள் பெயரில் பதிவானது. அந்த 13 இலக்கத்துக்குள்ளேயே வெளியீட்டாளரைக் குறிக்கும் பகுதி இருக்கிறது. வேறு வெளியீட்டாளரின் பெயரில் கொண்டுவர வேண்டுமானால் புது எண் வாங்க வேண்டும். மூல வடிவமைப்புக் கோப்பைக் கேட்டால் அது பேக்கேஜில் இல்லை, தனித் தொகை என்கிறார்கள். இதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். அந்த ஒப்பந்தம் முழுப் பணமும் கட்டிய பிறகுதான் மின்னஞ்சலில் வந்தது. அதற்கு முன் கேட்டபோதெல்லாம் "ஃபார்மாலிட்டிதான் சார், அப்புறம் அனுப்புகிறோம்" என்றார்கள். யாராக இருந்தாலும் சரி, முன்பணத்துக்கு முன்பே ஒப்பந்தத்தைக் கொடுக்காதவரோடு பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் பெயரிலேயே ஐஎஸ்பிஎன் வாங்கி, என் சொந்த மின்னூல் கணக்கைத் திறந்திருக்கிறேன். யுனிகோடில் வேலை செய்யும் வடிவமைப்பாளர் ஒருவர் முதலிலிருந்து பக்கம் போட்டுக்கொண்டிருக்கிறார். மூலக் கோப்பைத் தருவதாக எழுதிக் கொடுத்த பிறகே அவருக்கு முதல் தவணை கொடுத்தேன். பழைய ஒப்பந்தத்தை முறிக்க நோட்டீஸ் அனுப்பியாயிற்று. அதில் சொல்லியிருக்கும் அவகாசம் முடியும்வரை பழைய பதிப்பு விற்பனையில்தான் இருக்கும். தயவுசெய்து அதை வாங்க வேண்டாம்.