போலோ டி.எஸ்.ஐ., கோத்தகிரி ஏற்றம், 57,000 கிலோமீட்டர்: போட்டதும் கழற்றியதும்

இந்த வண்டிக்கு நான் ஆசை ஆசையாக வாங்கிப் போட்ட சாமான்களில் பாதி இப்போது எங்கள் வீட்டு அட்டாலியில், அதாவது பரணில், கிடக்கிறது. மலையில் இருந்துகொண்டு போலோ வாங்கலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் எஞ்சினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அதற்கும் பதில் இருக்கிறது. ஆனால் எனக்குப் பாடம் எடுத்தது அந்த அட்டாலிதான்.

வண்டி 2020 மாடல் ஃபோக்ஸ்வாகன் போலோ, 1.0 லிட்டர் டி.எஸ்.ஐ. (டர்போ பெட்ரோல்), ஹைலைன் பிளஸ் ரகம், ஆறு கியர் மேனுவல், சிவப்பு. 2022-ல் கோயம்புத்தூரில் ஒரு பல் டாக்டரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். அப்போது 14,000 ஓடியிருந்தது, இன்று 71,000. போலோவிலேயே ஜி.டி. ரகத்தை ஏன் வாங்கவில்லை என்று கேட்பீர்கள். அந்த வருஷத்து ஜி.டி. ஆட்டோமேட்டிக்கில் மட்டும்தான் வந்தது. எஞ்சின் இரண்டுக்கும் ஒன்றேதான்: 999 சிசி, மூன்று சிலிண்டர், 110 பி.எஸ். திறன், 175 நியூட்டன் மீட்டர் இழுவை. எனக்குக் காலுக்குக் கிளட்சும் கைக்குக் கியரும் வேண்டும். முப்பது வருஷம் தேயிலை ஃபேக்டரிக்கு இலை லாரி ஓட்டியவரின் மகன் ஆட்டோமேட்டிக் வாங்கினால் வீட்டில் சோறு கிடைக்காது.

பேச்சு முடிந்து முன்பணம் கொடுக்கப் போகும் நேரத்தில்தான் போலோவை நிறுத்துகிறார்கள் என்ற செய்தி வந்தது. 2010-ல் இங்கே விற்பனைக்கு வந்த வண்டி, பன்னிரண்டு வருஷம் புனே பக்கம் சாக்கன் ஆலையில் தயாரானது. நிறுத்தினால் பழைய வண்டி விலை இறங்கும் என்று கணக்குப் போட்டேன். டாக்டர் மறுநாளே முப்பதாயிரம் ஏற்றினார். கொடுத்தேன். வேறு வழி?

இதைவிட 'ஜெர்மன்' வேண்டும் என்றால் பணம் வேறு மாதிரி பேசும். 2016-ல் மூன்று கதவு போலோ ஜி.டி.ஐ. வந்தது, 1.8 லிட்டர் எஞ்சினோடு, கிட்டத்தட்ட 26 லட்சத்துக்கு. 2025-ல் கோல்ஃப் ஜி.டி.ஐ. வந்தது, 265 பி.எஸ்., ஷோரூம் விலையே 53 லட்சம். 1976-ல் வந்த முதல் கோல்ஃப் ஜி.டி.ஐ.க்கும் 110 பி.எஸ்.தான் என்பது மட்டும் என் மனசுக்கு ஒரு ஆறுதல்.

வண்டியை முதல் நாள் வீட்டு வாசலில் நிறுத்தியதும் அப்பா பானெட்டைத் திறக்கச் சொன்னார். எட்டிப் பார்த்துவிட்டு, "மூணு சிலிண்டரா? இதுல எங்கடா கண்ணு மலை ஏறுவ?" என்றார்.

ஏறும். அதுதான் இந்த வண்டியின் வித்தை. கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் விசிறிதான் டர்போ. அது இல்லாத எஞ்சினுக்கு மூச்சு அந்த அளவுக்குக் குறையும், இழுவையும் கூடவே குறையும். எங்கள் பழைய மாருதி 800 அரவேனு தாண்டியதும் இரண்டாவது கியரில் முனகுமே, அது இதனால்தான். டர்போ இருந்தால் விசிறி இன்னும் வேகமாகச் சுற்றி அந்தக் குறையைப் பெருமளவு ஈடுகட்டிவிடுகிறது. மேட்டுப்பாளையத்தில் எப்படி இழுத்ததோ, மலை மேல் கட்டபெட்டிலும் கிட்டத்தட்ட அதே இழுவை. மூன்றாவது கியரில், 2,000 ஆர்.பி.எம்.மில், முன்னால் போகும் சுற்றுலா வேனை ஒரே மூச்சில் தாண்டலாம்.

சின்ன டர்போவின் குணம் ஒன்றையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். முழு இழுவை 1,750-க்கு மேல்தான் வரும். கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்து, இரண்டாவது கியரில் வேகம் செத்துவிட்டால், ஆக்ஸிலேட்டரை மிதித்தாலும் வண்டி ஒரு நொடி யோசிக்கும். பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார். வெட்கப்படாமல் முதல் கியருக்குப் போய்விடுங்கள். இதைப் பழக எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. கிளட்ச் வாசனையும் அந்த ஒரு மாதம்தான் வந்தது.

டயர் காற்று பற்றி ஒரு சின்ன விஷயம், பலர் கேட்டிருக்கிறார்கள். கீழே 33 அடித்துவிட்டு மேலே வந்தால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜில் இரண்டு பாயின்ட் கூடக் காட்ட வேண்டும். ஆனால் மேட்டுப்பாளையத்து வெயிலிலிருந்து எங்கள் ஊர்க் குளிருக்கு வரும்போது டயருக்குள் இருக்கும் காற்றும் சுருங்கி அதே இரண்டு பாயின்ட்டைத் தின்றுவிடுகிறது. ஆக, கீழேயும் 33, மேலேயும் 33. தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, அட்டாலிக் கதைக்கு வருகிறேன்.

முதலில் ரீமேப், அதாவது எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றி இழுவையைக் கூட்டுவது. கோயம்புத்தூரில் ஒரு கடை, பெயர் வேண்டாம். லேப்டாப்பைச் செருகி முக்கால் மணி நேரத்தில், "இப்ப 135 இருக்கும்ணா" என்றான் பையன். பல்லடம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தபோது சிரிப்பு அடங்கவில்லை. ஊருக்கு வந்த பிறகுதான் வில்லங்கம். ஐப்பசி மழையில், இலைச் சாக்கு ஏற்றிய டிராக்டர்கள் இழுத்து வந்த மண் வளைவெல்லாம் படிந்திருக்கும். வளைவிலிருந்து வெளியே வரும்போது இரண்டாவது கியரில் மிதித்தால் முன்சக்கரம் இரண்டும் சுற்றும், டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு மினுக்கும், வண்டி நகராது. கூடுதலாகக் கிடைத்த இழுவையை வாங்கிக்கொள்ள ரோடு இல்லை. எட்டு மாதத்தில் பழைய ஃபைலையே ஏற்றச் சொல்லிவிட்டேன். அதற்கும் காசு.

அடுத்து ஸ்பிரிங். வண்டி 30 மில்லிமீட்டர் இறங்கியது. போட்டோவில் அட்டகாசமாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். போலோவுக்குத் தரையிலிருந்து இருப்பதே 165 மில்லிமீட்டர் அளவுதான். அதில் 30 போனால் என்ன மிச்சம்? எஸ்டேட் ரோட்டின் நடுவில் புல் முளைத்த மேடு இருக்குமே, அது அடிவயிற்றைச் சுரண்டிக்கொண்டே வரும். எங்கள் வீட்டு சிமென்ட் சாய்வில் முன் பம்பரின் கீழ் உதடு பிய்ந்தது. மூன்றாவது முறை பிய்ந்தபோது ஸ்பிரிங்கைக் கழற்றி, திருப்பூர்க்காரர் ஒருவருக்குப் பாதி விலையில் கொடுத்தேன். அந்த உதடு அட்டாலியில்.

சத்தம் போடும் சைலன்சர் இரண்டு நாள்தான் இருந்தது. இரண்டாம் நாள் காலையில் பக்கத்து வீட்டுப் பாட்டி, "என்ன தம்பி, கவாத்து மெஷினை வண்டிக்குள்ள வெச்சிருக்கியா?" என்று கேட்டார். அதோடு முடிந்தது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. மாற்றத்தைச் சொல்லாமல் மறைத்தால் விபத்து நேரத்தில் இன்ஷூரன்ஸ் கிளெய்மிலும் சிக்கல் வரும். நான் இதெல்லாம் தெரியாமல் செய்தேன் என்று பொய் சொல்லப்போவதில்லை.

இனி குஞ்சப்பனை, கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் வழியில் இருக்கும் ஊர். இதை எழுதும்போது இப்போதும் வலது பாதம் தானாக அழுத்துகிறது.

2023 ஏப்ரல், சீசன் ஆரம்பம். அன்னூரில் ஒரு கல்யாணம். அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, பின்னால் டிக்கி நிறையச் சீர்வரிசைப் பாத்திரம். ரீமேப்பும் ஸ்பிரிங்கும் வண்டியில் இருந்த காலம் அது. முன்னால் ஒரு சுற்றுலா பஸ், தாண்ட இடமில்லை. நான் மூன்றாவது கியரிலேயே வைத்துக்கொண்டு பிரேக்கைத் தொட்டுத் தொட்டு இறங்கினேன். இலை லாரிக்காரரின் மகனுக்கு 'ஏறின கியர்லயே இறங்கணும்' என்று தெரியாதா? தெரியும். ஆனால் 999 சிசி எஞ்சின் இறக்கத்தில் பெரிதாகப் பிடித்து வைக்காது. இரண்டாவதில் போட்டால் எஞ்சின் சத்தம் கூடுகிறது, சித்தி பயப்படுகிறார். அதனால் மூன்றாவது.

குஞ்சப்பனைக்குக் கொஞ்சம் மேலே கருகிய வாசனை வந்தது. அடுத்த வளைவுக்கு மிதித்தேன். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. இன்னொரு தரம் மிதித்தேன், பாதி பிடித்தது. இடது சீட்டில் இருந்த அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. கையை மெதுவாக ஹேண்ட்பிரேக் மேல் வைத்துக்கொண்டார். இரண்டாவது, அப்புறம் முதல் கியர், ஹேண்ட்பிரேக் என்று பலா மரத்தடியில் ஓரம் கட்டினேன். முன்சக்கரத்துக்குக் கிட்டே கை கொண்டுபோக முடியவில்லை, அடுப்படி அனல். பலாப்பழ சீசனில் யானை நிற்கிற இடம் வேறு. நாற்பது நிமிஷம் உள்ளேயே உட்கார்ந்திருந்தோம். முகூர்த்தம் போச்சு, பந்திக்குத்தான் போனோம்.

காரணம் சாதாரணமானது. பிரேக் ஆயிலை 2020-க்குப் பிறகு யாரும் மாற்றவில்லை, நானும் கேட்கவில்லை. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர விதி. ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 155-க்கு இறங்கிவிடும். எங்கள் ஊர்ப் பனியில் ஈரத்துக்கா பஞ்சம்! கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி, மிதித்தால் குமிழிதான் அமுங்கும், பிரேக் பேடு அமுங்காது. எஞ்சினுக்குப் பதினெட்டாயிரம் செலவு செய்தவன், சில நூறு ரூபாய் ஆயிலை மறந்திருந்தேன்.

அந்த வாரமே ஆயில் மாற்றினேன், நல்ல பேடு போட்டேன். இப்போது இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, கேட்காமலே மாற்றுகிறேன். டயரை அதே 195/55 ஆர்16 அளவில் ஈரத்தில் பிடிக்கும் ரகமாகப் பார்த்துப் போட்டேன். பனி விளக்குக்கு மஞ்சள் பல்பு. கார்த்திகையில் சாயங்காலம் நாலு மணிக்கே மூடுபனி இறங்கினால் வெள்ளை வெளிச்சம் கண்ணிலேயே திருப்பி அடிக்கும், மஞ்சள் எனக்குக் கொஞ்சம் இதமாக இருக்கிறது. எலி வராமல் பானெட்டுக்குக் கீழே கம்பி வலை. ஒரு ராத்திரியில் சென்சார் ஒயரை நறுக்கி வைத்த பிறகு வந்த ஞானம் அது. இவைதான் இன்னும் வண்டியில் இருப்பவை. போட்டோவில் ஒன்றுகூடத் தெரியாது.

மைலேஜ்: கம்பெனி சொல்வது 18.24. எனக்கு ஏறும்போது 10, 11. இறங்கும்போது மீட்டர் 30-க்கு மேல் காட்டும், அதை நம்பி யாரும் கல்யாணம் பண்ண வேண்டாம். இதுவரை எல்லாம் சேர்த்து 13 சொச்சம். சர்வீசுக்குக் கோயம்புத்தூர்தான் இறங்குகிறேன், ஒரு நாள் அதோடு போய்விடும். நிறுத்திய வண்டிக்கு பார்ட்ஸ் கிடைக்குமா என்பவர்களுக்கு: ஃபோக்ஸ்வாகனின் டைகுன், விர்டஸ் இரண்டிலும் 1.0 டி.எஸ்.ஐ. வருகிறது, அதனால் எஞ்சின் பக்கம் எனக்கு இதுவரை கவலை இல்லை. பாடி பார்ட்ஸுக்கு நான் போவது கோயம்புத்தூர் உக்கடத்துப் பழைய சாமான் கடைகள்.

போன வருஷமும் அப்படித்தான் போனேன். ராத்திரி தெருவில் காட்டெருமை மூன்று வந்தன. ஒன்று வண்டி மேல் உடம்பைத் தேய்த்துக்கொண்டு போனதில் பின்னால் பார்க்கும் வலது பக்கக் கண்ணாடி கையோடு கழன்று வந்துவிட்டது. உக்கடத்தில் கிடைத்தது வெள்ளை. சிவப்பு வண்டிக்கு ஒரு காது மட்டும் வெள்ளையாக இருந்தால் எப்படி இருக்கும்? பெயின்ட் அடிக்க நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் வண்டி நம்பர் டி.என். 66, கோயம்புத்தூர்ப் பதிவு. 2024 மே மாதம் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த நாளிலிருந்து, நீலகிரிப் பதிவான டி.என். 43 வண்டிகள் போய்க்கொண்டிருக்க, நான் மட்டும் சொந்த ஊருக்குப் போக ஆதார் அட்டையை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தேன். இப்போது குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் அந்த வெள்ளைக் காதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, "நம்ம இலை லாரிக்காரர் பையன்" என்று கையைக் காட்டி அனுப்பிவிடுகிறார்கள். கண்ணாடிக்கு இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை.