வோல்டேஜும் கரண்டும் கொடுத்தால் ஓமும் வாட்ஸும் தரும் செயலி: ஆறு வருடம் பயன்படுத்திய பிறகு

நான்கு கட்டம், எதையாவது இரண்டை நிரப்பினால் மீதி இரண்டும் வந்துவிடும். போனில் ஆறு வருடமாகக் கிடக்கும் செயலி இவ்வளவுதான். வோல்டேஜைக் கரண்டால் வகுத்தால் ரெசிஸ்டன்ஸ், அதாவது ஓமில் அளக்கும் மின்தடை, இரண்டையும் பெருக்கினால் வாட்ஸ். முதல் கணக்கை ஜார்ஜ் ஓம் 1827-லேயே புத்தகமாகப் போட்டுவிட்டார், இதற்கெல்லாம் ஒரு செயலியா என்று கேட்டால் நியாயம்தான். ஆனால் கையில் சூடான சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்திருக்கும்போது புள்ளிக்குப் பிறகு எத்தனை சைபர் என்று எண்ணிக்கொண்டிருக்க முடியாது, அதற்காகவே வைத்திருக்கிறேன். கணக்கில் அது ஒருமுறைகூடத் தப்பு செய்ததில்லை. தப்பெல்லாம் நான் போட்ட எண்ணில்தான்.

ஆரம்பத்தில் வாட்ஸ் கட்டத்தை ஏறெடுத்தும் பார்க்க மாட்டேன். 12 வோல்ட், 0.12 ஆம்பியர் போட்டேன், 100 ஓம் என்றது, டப்பாவில் கிடந்த, கால் வாட் மட்டுமே தாங்கும் ரெசிஸ்டரை எடுத்து வைத்துவிட்டேன். பக்கத்துக் கட்டத்திலேயே 1.44 வாட்ஸ் என்று எழுதியிருந்தது. கொஞ்ச நேரத்தில் வாடை வந்தது, அப்புறம் புகை. இப்போது முதலில் வாட்ஸைப் பார்த்து, அதைப்போல் இரண்டு மடங்கு தாங்கும் ரெசிஸ்டராகத் தேடிவிட்டுத்தான் ஓம் பக்கம் போகிறேன்.

செயலிமேல் எனக்கு இருக்கும் நிஜமான கோபம் அலகு மாற்றும் பட்டன். கடைசியாக மில்லி ஆம்பியரில் விட்டிருந்தால் அடுத்த வாரம் திறக்கும்போதும் அங்கேயேதான் நிற்கும், 2 ஆம்பியர் என்று நினைத்து 2 போட்டால் விடை ஆயிரம் மடங்கு தள்ளிப்போய்விடும். பழைய பதிப்பில் இன்னொரு தொல்லை, 0.0136 ஆம்பியரை 0.01 என்று வெட்டிக் காட்டியது, அதைச் சரிசெய்துவிட்டார்கள். சின்ன சர்க்யூட்டுக்கு இப்போதெல்லாம் செயலியைத் திறப்பதே குறைவு. வோல்ட்டை மில்லி ஆம்பியரால் வகுத்தால் நேராகக் கிலோ ஓம் வந்துவிடும், சைபர் எண்ணும் வேலையே இல்லை.

சரி, அளக்கும் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த ஆறு வருடத்தில் உருப்படியாகக் கற்றது இதைத்தான். ஒரு சூடேற்றும் கம்பி, 12 வோல்ட் சப்ளை, மீட்டரில் 4 ஆம்பியர் ஓடியது. செயலி 3 ஓம், 48 வாட்ஸ் என்றது. சப்ளைமேல் 12 என்று அச்சிட்டிருந்ததை அப்படியே போட்டிருந்தேன், கம்பி சூடாக இருக்கும்போதே அதன் இரண்டு முனையிலும் மீட்டரின் ப்ரோபை, அதாவது அளக்கும் ஊசியை, வைத்துப் பார்த்தால் 10.9 வோல்ட்தான். அப்படியானால் கம்பி 2.7 ஓம் சொச்சம், 43.6 வாட்ஸ். மீதி 4.4 வாட்ஸ் எங்கே என்றால் மெல்லிய வயரிலும், தளர்ந்த முனைகளிலும், சப்ளைக்கு உள்ளேயும், கரண்டை அளக்க நடுவில் நுழைத்த மீட்டரிலும் வீணாகிக்கொண்டிருந்தது. வயரைத் தொட்டபோது வெதுவெதுப்பாக இருந்தது. அன்றிலிருந்து லேபிளில் இருக்கும் வோல்டேஜைப் போடுவதில்லை, கரண்ட் ஓடும்போது பொருளின் முனையில் அளந்ததை மட்டும் போடுகிறேன். இந்த மாதிரி ஒன்றிரண்டு ஓம் பொருட்களுக்கு மல்டிமீட்டரின் ஓம் ரேஞ்சைவிட இந்த வழியே மேல், ஓம் ரேஞ்சில் ப்ரோப் வயரின் தடையும் கூடவே சேர்ந்துகொள்ளும்.

கரண்ட் அளந்துவிட்டு சிவப்பு ப்ரோபை மீட்டரின் ஆம்பியர் துளையிலேயே மறந்து, அப்படியே பேட்டரியின் குறுக்கே வைத்து ஃப்யூஸை ஊதியிருக்கிறேன். ஒருமுறை இல்லை, மூன்று முறை.

குண்டு பல்பு என்னை நன்றாகக் குழப்பியது. 230 வோல்ட், 60 வாட்ஸ் பல்புக்குச் செயலி ஏறக்குறைய 882 ஓம் சொல்லும், கழற்றி மேசையில் வைத்து அளந்தால் 65 ஓம் பக்கம் காட்டியது. மீட்டர் கெட்டுவிட்டது என்றே முடிவுகட்டிவிட்டேன். இரண்டுமே சரி. டங்ஸ்டன் இழை சூடேற ஏறத் தடை பல மடங்கு கூடும், செயலி சொல்வது எரியும்போது உள்ள தடை, மீட்டர் சொல்வது ஆறிய இழையின் தடை. சுவிட்ச் போட்ட அந்தக் கணம் கால் ஆம்பியருக்குப் பதில் மூன்று ஆம்பியருக்கு மேல் பாய்வதால்தான் வயதான பல்புகள் பெரும்பாலும் போடும்போதே போய்விடுகின்றன.

எல்.இ.டி.யோடு வைக்கும் ரெசிஸ்டரைக் கணக்கிடச் செயலியைப் பயன்படுத்துபவர்கள் சப்ளையின் முழு வோல்டேஜையும் கட்டத்தில் போட வேண்டாம். 5 வோல்ட் சப்ளையில் சிவப்பு எல்.இ.டி. சுமார் 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும், ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது 3 தான், 15 மில்லி ஆம்பியருக்கு 200 ஓம். நான் 220 வைப்பேன், வெளிச்சத்தில் வித்தியாசம் தெரியாது.

இந்தச் செயலியை நம்பக்கூடாத இடம் மோட்டார். 230 வோல்ட், 1.5 ஆம்பியர் போட்டால் 345 வாட்ஸ் என்று அடித்துச் சொல்லும், வாட் மீட்டரில் மாட்டினால் 240 காட்டியது. ஏசியில், அதாவது வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரத்தில், வோல்டேஜும் கரண்டும் ஒன்றாக ஏறி இறங்காவிட்டால் பெருக்கி வருவது வோல்ட் ஆம்பியர், வாட்ஸ் வேண்டுமானால் பவர் ஃபேக்டராலும், அதாவது அதில் எவ்வளவு பங்கு நிஜ வாட்ஸ் என்று சொல்லும் எண்ணாலும், பெருக்க வேண்டும். செயலி காட்டும் 153 ஓமும் மோட்டார் சுருளின் தடை இல்லை, இம்பீடன்ஸ், அதாவது ஏசிக்கு மோட்டார் காட்டும் மொத்த எதிர்ப்பு. சுருளை நேராக அளந்தால் அதைவிட மிகக் குறைவாகவே இருக்கும். பவர் ஃபேக்டருக்கு ஒரு கட்டம் வையுங்கள் என்று உருவாக்கியவர்களுக்கு இரண்டு முறை எழுதினேன். பதிலும் இல்லை, கட்டமும் இல்லை. ஹீட்டர், அயர்ன் பாக்ஸ், பேட்டரியில் ஓடுவது என்று இருக்கும்வரை எனக்கு இதுவே போதும், மோட்டார் வந்தால் வாட் மீட்டரைத்தான் எடுக்கிறேன்.