குளிருக்க ஸ்டார்ட் பண்ண எஞ்சின் கடகடக்குதெண்டு கராஜுக்குப் போறவை இதை வாசிச்சிட்டுப் போங்கோ

கனடாவில டொரோண்டோவுக்குக் கிட்ட ஸ்காபரோ, மார்க்கம், அஜாக்ஸ் பக்கம் ஃபோர்ட் எஃப்-150 ட்ரக் வைச்சிருக்கிற எங்கட ஆக்களுக்குத்தான் முக்கியமா எழுதுறன், அதிலயும் 2017 தொடக்கம் 2020 வரைக்கும் வந்த 3.5 எக்கோபூஸ்ட் (டர்போ வைச்ச 3.5 லீட்டர்) எஞ்சின் எண்டால் கட்டாயம் கடைசி வரைக்கும் வாசியுங்கோ. செய்யாத வேலைக்கு என்னட்ட 4,600 டொலர் வாங்கிப்போட்டினம். கராஜின்ர பேர் இப்ப போடேல்லை, முறைப்பாடு குடுத்திருக்கிறன், அது முடியட்டும். ஆனா ஏமாத்தின விதத்தைத் தெரிஞ்சு வைச்சிருந்தால் உங்களுக்கு எந்தக் கராஜிலயும் உடன பிடிபடும்.

என்ர ட்ரக் 2018. விண்டர் தொடங்கினதோட வந்த பிரச்சினை. இரவு முழுக்க ட்ரைவ்வேயில நிண்டிட்டுக் காலமை ஸ்டார்ட் பண்ணினால் எஞ்சினின்ர முன்பக்கம் மேல இருந்து தகர டப்பாக்குள்ள நட்டுகளைப் போட்டுக் குலுக்கினமாதிரி ஒரு சத்தம், ரெண்டு மூண்டு செக்கன்தான், பிறகு டக்கெண்டு நிண்டிடும். பகலில கடைக்குப் போய் நிப்பாட்டிட்டு வந்து திருப்பி ஸ்டார்ட் பண்ண ஒண்டும் இருக்காது. செக் எஞ்சின் லைட்டும் பத்தேல்லை.

தெரிஞ்ச ஆள் ஒருத்தர் சொல்லித்தான் அந்தக் கராஜுக்குக் கொண்டுபோனன். வேலை முடிஞ்சு பின்னேரம் போனது, ஹைவேயில ஓடி வந்து எஞ்சின் நல்ல சூடு. முதலாளி எங்கட ஆள்தான், எந்த ஊர், ஆற்ற மகன் எல்லாம் கேட்டு அன்பாத்தான் கதைச்சவர். பொனட்டைத் திறந்து ரெண்டுதரம் ரேஸ் பண்ணச் சொல்லிக் காதைக் குடுத்துக் கேட்டிட்டு, "தம்பி, டைமிங் செயின் இழுபட்டுப் போச்சு, உப்பிடியே ஓடினீங்களெண்டால் செயின் பாய்ஞ்சு எஞ்சின் முழுக்கப் போயிடும், பிறகு பத்தாயிரத்துக்கு மேல வேணும்" எண்டார். டைமிங் செயின் எண்டது பிஸ்டன்கள் சுத்துற கிராங்க் தண்டையும் வால்வுகளைத் திறக்கிற கேம்ஷாஃப்ட் தண்டுகளையும் ஒண்டோடொண்டு பொருத்திச் சுத்த வைக்கிற எஞ்சின் உள்ச் செயின். அவர் உதைச் சொன்ன நேரம் எஞ்சினில ஒரு சத்தமும் இல்லை! இல்லாத சத்தத்தைக் கேட்டு அதுக்குக் காரணம் சொன்ன மனுசன் அவர். எஞ்சின் கம்ப்யூட்டரை வாசிக்கிற ஸ்கேனர் போடேல்லை, ஒயில் அளவு கூடப் பாக்கேல்லை, இரவு விட்டிட்டுப் போங்கோ காலமை கேட்டுப் பாப்பம் எண்டு ஒரு வார்த்தை இல்லை.

குளிரில வாற சத்தத்தைக் குளிரிலதான் பாக்கோணும், எஞ்சின் ஒரு இரவு நிண்டு ஆறவேணும், குறைஞ்சது ஆறு மணித்தியாலம் எண்டாலும் நிக்கோணும். காரணத்தைச் சொல்லுறன். இந்த எஞ்சினில கேம்ஷாஃப்டுகளின்ர முன் நுனியில கேம் ஃபேஸர் எண்டு நாலு சாமான் இருக்கு, வால்வு திறக்கிற நேரத்தை ஒயில் பிரஷரால முன்னுக்குப் பின்னுக்கு மாத்துறது அதுதான். எஞ்சினை நிப்பாட்டேக்க உள்ளுக்க ஒரு சின்னப் பின் போய் விழுந்து அது ஆடாமல் பூட்டவேணும். அந்தப் பின்னோ பின் போய் இருக்கிற ஓட்டையோ தேஞ்சுபோனால் பூட்டு நிக்காது, இரவில ஒயில் வடிஞ்சு கீழ இறங்கியிருக்கும், காலமை ஸ்டார்ட் பண்ணி ஒயில் மேல ஏறி வாறவரைக்கும் உள்ளுக்க அங்கையும் இங்கையும் அடிபட்டுக் கத்தும், பிரஷர் வந்த உடன அமைதி. 2017-2020 எஃப்-150 3.5இல இது எல்லாருக்கும் தெரிஞ்ச வருத்தம், ஃபோர்டே 2021ல இதுக்கெண்டு எஞ்சின் கம்ப்யூட்டரைத் திருப்பி புரோகிராம் பண்ணுற திட்டம் ஒண்டு விட்டது. அதால டீலரிட்ட வின் நம்பரை (வாகனத்தின்ர அடையாள இலக்கம்) குடுத்து உங்கட ட்ரக்குக்கு அந்த புரோகிராமிங் நடந்திருக்கோ எண்டு முதல் கேளுங்கோ.

செயின் இழுபடுறது வேற வருத்தம். அது கூடுதலாக் கேள்விப்பட்டது முந்தின எஞ்சினில, 2011, 2012 ட்ரக்குகளில. செயின் நீண்டால் கிராங்கும் கேமும் ஒண்டோடொண்டு பொருந்தாமல் போகும், அப்ப கம்ப்யூட்டர் பி0016, பி0017, பி0018, பி0019 எண்ட பிழைக் குறியீடுகளில (கோட், code) ஒண்டைப் போடும், ஸ்கேனரில கேமின்ர கோணம் விலகி நிக்கிறதும் தெரியும். கோடும் இல்லாமல் அளந்தும் பாக்காமல் "செயின் போச்சு" எண்டால் அது குறி சொல்லுற வேலை. இன்னொண்டு, எக்சோஸ்ட் மானிஃபோல்டில (எஞ்சினில இருந்து புகை வெளிய வாற குழாய்) போல்ட் உடைஞ்சாலும் குளிருக்க டிக் டிக் எண்டு கேக்கும், ஆனா அது மூண்டு செக்கனில நிக்காது, இரும்பு சூடாகி விரியிறவரைக்கும் நிமிசக் கணக்கில இருக்கும், ஆக்சிலரேட்டர் குடுத்தால் சத்தம் இன்னும் கூடும். மலிவு ஒயில் ஃபில்டர் போட்டால் அதுக்குள்ள இருக்கிற ஒயிலைத் திருப்பி வடிய விடாத ரப்பர் வால்வு சரியாப் பிடிக்காமல் காலமை பிரஷர் வரப் பிந்தும், அதையும் பாக்கோணும், பத்துப் பதினைஞ்சு டொலர் சாமான் அது. இதையெல்லாம் பாத்து முடிச்ச பிறகுதான் ஆயிரக்கணக்கில கதைக்கலாம்.

சரி, என்ர கதைக்கு வாறன். ட்ரக்கை விட்டிட்டு வந்தன், வேலை முடிஞ்சுது எண்டு கோல் வந்து போகேக்க வாசலில எஞ்சின் ஓடிக்கொண்டு நிக்குது. "கேளுங்கோ தம்பி, எப்பிடி அமைதியா இருக்கு" எண்டார். ஒரு கார்ட்போர்ட் பெட்டியைக் கொண்டுவந்து திறந்து காட்டினார், உள்ளுக்க கறுத்த ஒயிலோட ஒரு நீளச் செயின், ரெண்டு சின்னச் செயின், செயினை ஆடாமல் பிடிக்கிற கைட்டின்ர தேஞ்ச துண்டுகள். "இதுதான் உங்கடது, பாத்தீங்களே எப்பிடித் தொங்குது" எண்டு செயினைத் தூக்கிப் பிடிச்சுக் காட்டினார். நான் போனில படம் எடுத்தன். பில்லில ஒரே ஒரு வரி, டைமிங் செயின் ஜாப். எத்தனை மணித்தியால வேலை, என்ன சாமான், புதுசோ பழசோ ஒண்டும் இல்லை. பாதிக் காசைக் கையில தந்தால் எச்எஸ்டி (விற்பனை வரி) 13 வீதம் மிச்சம் எண்டும் சொன்னார், நான் முழுக்கக் கார்டிலதான் கட்டினன்.

புது ஒயிலும் ஃபில்டரும் போட்டிருப்பினம்போல, குளிரும் கொஞ்சம் விட்டிருந்தது, கொஞ்ச நாள் சத்தம் குறைவா இருந்தது. பிறகு மைனஸுக்குப் போன ஒரு காலமை அதே கடகட.

இந்தமுறை வேற ஒருத்தரிட்ட, 310எஸ் லைசன்ஸ் (ஒன்ராறியோவில கார் மெக்கானிக்குக்குக் குடுக்கிறது) சுவரில தொங்கவிட்டிருக்கிற வயசான மெக்கானிக். அவர் முதல் சொன்னதே "இரவு இங்க நிக்கட்டும்" எண்டுதான். அடுத்தநாள் காலமை என்னையும் வரச்சொல்லி ஸ்கேனரைப் பூட்டி, தண்டு மாதிரி ஒரு ஸ்டெதஸ்கோப்பை எஞ்சினில வைச்சுக்கொண்டு ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். கோடு இல்லை, கேம் கோணம் சரி, சத்தம் மேல கேம் பக்கத்தில. பிறகு டோர்ச் லைட்டை எஞ்சினின்ர முன் கவருக்கு அடிச்சு என்னைக் குனிஞ்சு பாக்கச் சொன்னார். அந்தக் கவரைக் கழட்டாமல் செயினைத் தொடவே ஏலாது. கழட்டிப் பூட்டினால் கவரை ஒட்டுற புது சிலிக்கன் பசை பிதுங்கி நிக்கும், போல்ட் தலையில சாவி பிடிச்ச அடையாளம் இருக்கும். என்ர ட்ரக்கில ஃபக்டரி சிலிக்கன் வெட்டுப்படாமல் அப்பிடியே, போல்ட்டுகளைச் சுத்தி வருசக்கணக்கில படிஞ்ச தூசியும் ஒயிலும் காய்ஞ்சு ஒட்டிக்கிடக்கு, கிராங்க் தண்டின்ர முன் சில்லுப் (pulley) போல்ட்டில ஒரு கீறல் கூட இல்லை. ஒருத்தரும் கை வைக்கேல்லை.

நான் போனில இருந்த படத்தைக் காட்டினன். அவருக்குக் கனநேரம் எடுக்கேல்லை. "தம்பி, உது உங்கட எஞ்சினின்ர செயினே இல்லை" எண்டார். 2016 வரைக்கும் எஃப்-150இல வந்த 3.5 எக்கோபூஸ்டிலதான் ரெண்டு பக்கத்தையும் சேத்துச் சுத்துற ஒரு நீளச் செயினும், கேமுக்குக் கேம் போற ரெண்டு சின்னச் செயினும். 2017ல எஞ்சினை மாத்தேக்க ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனிச் செயின் ஆக்கிப்போட்டினம். 2018 ட்ரக்குக்குள்ள இருந்து அந்த நீளச் செயின் வரவே வழியில்லை. அப்ப அந்தப் பெட்டி வாற எல்லாருக்கும் திறந்து காட்டுற பெட்டிதானே! எனக்கு வந்த கோபம் காசுக்காக மட்டும் இல்லை, ஊர் விசாரிச்சு அண்ணை தம்பி எண்டு கதைச்சுக்கொண்டு முகத்துக்கு நேர அந்தச் செயினைத் தூக்கிக் காட்டினதுக்கு.

போய்க் கேட்டன். முதல் பெடியன் பெட்டி மாறி எடுத்திட்டான் எண்டார், அப்ப என்ர பழைய செயின் எங்க எண்டால் குப்பையில போட்டாச்சாம், கவர் கழட்டினபாடு இல்லையே எண்டால் நாங்கள் வேற முறையில செய்யிறனாங்கள் எண்டார், அதுக்குப் பிறகு குரலை உயத்தத் தொடங்கியிட்டார்.

ஒன்ராறியோவில இருக்கிற ஆக்களுக்கு 2002ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில வாகனத் திருத்த வேலைக்கெண்டே தனிப் பகுதி இருக்கு, கனபேருக்குத் தெரியாது. வேலைக்கு முதல் எழுத்தில எஸ்டிமேட் கேக்கலாம், முடிவு பில் அதைவிட 10 வீதத்துக்கு மேல போகக்கூடாது, கழட்டின பழைய சாமானைத் திருப்பித் தரவேணும், வாரண்டியில மாத்தினது, நீங்கள் வேண்டாமெண்டது மாதிரிச் சிலதுக்கு விலக்கு. போட்ட சாமானுக்கும் கூலிக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீட்டர், எது முதல் வருதோ அதுவரைக்கும் சட்டப்படி உத்தரவாதம் இருக்கு, கராஜ்காரர் பில்லில எழுதாட்டியும் இருக்கு. பொய் சொல்லி வேலை வாங்கியிருந்தால் ஒரு வருசத்துக்குள்ள ஒப்பந்தத்தை ரத்துச் செய்யிறன் எண்டு எழுத்தில குடுக்கலாம். நான் அந்தக் கடிதத்தை ரெஜிஸ்டர் போஸ்டில அனுப்பி, மாகாணத்துக்கு முறைப்பாடும் போட்டு, கார்ட் கொம்பனிக்கும் படங்களோட எழுதியிருக்கிறன். கையில காசு குடுத்திருந்தால் இந்தக் கடைசி வழி இல்லை, எச்எஸ்டி மிச்சம் எண்டு கேக்கிற இடங்களில இதை யோசியுங்கோ.

ட்ரக் இப்ப சரி. ரெண்டாவது மெக்கானிக் நாலு ஃபேஸரும் ஃபோர்ட் திருத்தி விட்ட புதுசு போட்டவர், முன் கவர் கழட்டின நேரம் செயினையும் கைட்டையும் எனக்குக் காட்டித்தான் மூடினவர், பழைய ஃபேஸர் நாலையும் பையில போட்டுத் தந்தவர். அதில ஒண்டைக் கையில பிடிச்சுத் திருப்பினால் பூட்டு நிக்காமல் கடக் கடக் எண்டு ஆடுது. ட்ரக்கைத் தரேக்க இரவு நிப்பாட்டி வைச்சு, நான் போனாப்பிறகு குளிர் எஞ்சினைத்தான் என்ர கண்ணுக்கு முன்னால ஸ்டார்ட் பண்ணினவர்.

ஆருக்கும் டைமிங் செயின் மாத்தினதெண்டு பழைய செயின் படம் இருந்தால், வருசத்தையும் எஞ்சினையும் எழுதிப் படத்தோட எனக்கு அனுப்புங்கோ. அது உங்கட எஞ்சினில இருந்து வந்திருக்கக்கூடிய செயினோ இல்லையோ எண்டு அந்த மெக்கானிக்கிட்டக் காட்டிக் கேட்டுச் சொல்லுறன்.